அப்பா பூட்டிய பம்ப்செட்டைத் திறந்தபோது

அவிநாசிக்கும் அன்னூருக்கும் இடையில் இருக்கிற எங்கள் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் ஊறியிருக்கிறது. பல வருஷமாக வறண்டு கிடந்த கிணறு. 2024 ஆகஸ்ட் 17 அன்று அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கிய பிறகு, பவானி ஆற்றின் உபரி நீர் ஆறு நீரேற்று நிலையங்களைத் தாண்டி 1,045 குளம் குட்டைகளுக்குப் பிரிந்து போகிறது. எங்கள் ஊர்க் குட்டைக்கும் அதில் பங்கு உண்டு. குட்டை நிறைந்தது, மழையும் சேர்ந்தது, கிணற்றில் ஊற்றுக்கண் திறந்தது. போர்வெல்லை மட்டும் நம்பித் தென்னையைக் காப்பாற்றிக்கொண்டிருந்த எங்களுக்கு இது பெரிய விஷயம்.

புதிதாக ஒரு சப்மெர்சிபிள் வாங்கி இறக்கினால் வேலை சுலபம். ஆனால் கிணற்று மேடையில் துருவேறி நிற்கிற 5 ஹெச்.பி. செட், போன தை மாதம் காலமான என் அப்பா தன் கையால் உட்காரவைத்தது. அதைக் கழற்றிப் பார்த்துப் பூட்டி ஓடவைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அப்பாவைப் பற்றி எழுத எனக்குத் தெரிந்த நல்ல வழியும் இதுதான்.

அப்பா இதே தோட்டத்தில் பிறந்தவர். அப்பாரு, அதாவது என் தாத்தா, எருதுகளைப் பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்ததைப் பார்த்து வளர்ந்தவர். எருதுகள் சரிவில் இறங்க இறங்கத் தோல் பறி மேலே வரும், வடத்தின் மேல் அப்பாரு உட்கார்ந்திருப்பார் என்று எங்களுக்குச் சொல்வார். பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தார். நீலகிரியின் பைக்காரா மின்சாரம் 1930-களில் கோயம்புத்தூருக்கு வந்தது, ஆலைகள் பெருகின, 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் உள்ளூரிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். அப்புறம் வார்ப்படப் பட்டறைகளும் பம்ப் கம்பெனிகளும் வரிசையாக வந்தன. அப்படி ஒரு கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் அப்பா சேர்ந்தார். வெளிநாட்டுக்கு அனுப்பும் பம்ப்களோடு கூடவே போய், உட்காரவைத்து, ஓட்டிக் காட்டிவிட்டுத் திரும்புவது பிற்பாடு அவர் வேலையானது. சூடான், சாம்பியா, சவூதி அரேபியா, நடுவில் பயிற்சிக்காக ஜப்பான். ஓய்வு பெற்ற கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கே வந்துவிட்டார்.

சரி, வேலைக்கு வருகிறேன். பிளஸ் ஒன் படிக்கும் என் மகனும், பக்கத்துத் தோட்டத்து அண்ணனும் கூட இருந்தார்கள்.

கரண்டை நிறுத்துவதுதான் முதல் வேலை. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, மூன்று ப்யூஸ் கேரியரையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் கிணற்றுக்குள் இறங்கணும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மேலே இருப்பவர் தெரியாமல் சுவிட்சைப் போட்டாலும் கீழே இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. கேரியர்களை மகன் வாங்கித் தன் பையில் போட்டு, பொத்தானையும் மாட்டிக்கொண்டான். அவனுடைய அப்புச்சி, அதாவது என் அப்பா, சொல்லிக்கொடுத்தது.

செட்டின் வெளித்தோற்றம் பயமுறுத்தியது. அஸ்திவார போல்ட்டுகளை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்று அண்ணன் கட்டிங் மெஷினும் கொண்டுவந்திருந்தார். அதற்கு அவசியமே வரவில்லை. நட்டின் மேல்தான் துரு. டீசல் ஊற்றிச் சிறிது நேரம் ஊறவிட்டு ஸ்பேனர் போட்டதும் அசைந்து கொடுத்தது. கழன்று வந்ததைத் துடைத்துப் பார்த்தால் மரை முழுக்கக் கறுப்பாகக் கிராஃபைட் கலந்த கிரீஸ். எல்லா போல்ட்டும் அப்படியே. குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்சுகள் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் பஞ்ச் வைத்து ஒரே மாதிரி புள்ளிகள்: முதல் இணைப்புக்கு ஒரு புள்ளி, அடுத்ததற்கு இரண்டு. எது எதோடு சேரும் என்று யாரையும் கேட்க வேண்டாம். பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரைப் பிடித்திருக்கும் நட்டின் பக்கத்தில் எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்று ஒரு அம்புக்குறி வெட்டியிருந்தது. அது இடமரை. வழக்கம்போலத் திருப்பியிருந்தால் இன்னும் இறுகி, பலமாக அடித்து, தண்டையே கெடுத்திருப்போம்.

இந்தப் பழக்கம் அப்பாவுக்குச் சூடானில் வந்தது. நீல நைல் கரையில் பம்ப் பூட்டிக் கொடுத்துவிட்டு வந்தால், அடுத்த வருஷம் அதைத் திறக்கப்போவது அந்த ஊர்க்காரர். அவர் பேசுவது அரபி, இவர் விட்டுவிட்டு வந்த குறிப்பு இங்கிலீஷில். அதனால் புள்ளியும் அம்பும். எழுத்தே தேவையில்லை. “நான் ஊருக்கு வந்துருவேன் அம்மணி. தெறக்கறவங்க அங்கயே இருக்கோணுமில்ல” என்பார். பள்ளிக்கூட நாளில் எங்கள் சைக்கிளுக்கு அவர் கிரீஸ் போடும்போதும் இதையேதான் சொன்னார். அதன் முழு அர்த்தம் கிணற்று மேடையில் அந்த நட்டு கைக்கு இணங்கி வந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. பூட்டும்போதே திறக்கப்போகிறவரை அவர் நினைத்திருக்கிறார். இந்தச் செட்டில் அது நாங்கள்.

பம்பின் வெளிக்கூடான கேசிங்கைத் திறந்தோம். இம்பெல்லர் நன்றாக இருந்தது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் பித்தளை நிறம் தெரிந்தது. தேய்ந்திருந்தது வேர் ரிங். இம்பெல்லரின் வாயைச் சுற்றி உட்காரும் இந்த வளையத்துக்கும் இம்பெல்லருக்கும் நடுவில் தலைமுடி அளவு இடைவெளிதான் இருக்கணும். கூடினால், வெளியே தள்ளிய தண்ணீரில் ஒரு பங்கு அந்தச் சந்து வழியாகத் திரும்ப உள்ளேயே சுற்றும். மோட்டார் ஓடும், கரண்ட் செலவாகும், தொட்டியில் விழுவது குறையும். எங்கள் ரிங்கில் இடைவெளி ஒரு மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது. கிணறு வற்றிக்கொண்டு வந்த கடைசி வருஷங்களில் அடி மண்ணையும் சேர்த்து இழுத்ததுதான் காரணம்.

மண் பம்பை என்ன செய்யும் என்பதை அப்பா நேரில் பார்த்தவர். எத்தியோப்பிய மலைகளில் மழை பெய்து நீல நைல் வெள்ளமாக வரும் மாதங்களில் தண்ணீர் செம்மண் குழம்பாக வருமாம். புது இம்பெல்லரின் இறக்கை ஒரே பருவத்தில் கத்தி மாதிரி மெலிந்துபோனதைப் பார்த்திருக்கிறேன் என்பார். கார்ட்டூம் நகரத்தில் நீல நைலும் வெள்ளை நைலும் சேரும் இடத்தில், இரண்டு நிறத் தண்ணீர் ஒட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதை எங்களுக்கு ஏரோகிராமில் இரண்டு கலர் பென்சிலால் வரைந்து அனுப்பினார்.

புது ரிங்கைக் கோயம்புத்தூர் கணபதிப் பகுதியில் ஒரு சின்ன லேத் பட்டறையில் கன்மெட்டல் என்கிற வெண்கலத்தில் கடைந்தோம். பட்டறைக்காரர் அளவெடுத்துவிட்டு, “இதைப் பூட்டுனவர் யாருங்க?” என்று கேட்டார். சொன்னேன். கூலியைப் பற்றிப் பேசாமல் அன்றைக்கே வேலையை எடுத்துக்கொண்டார். அறுபதைத் தாண்டியவர், கோயம்புத்தூர் பம்ப் தொழிலில் முழு வாழ்க்கையையும் கழித்தவர். நல்ல வேலையைப் பார்த்தால் அவருக்குத் தெரிகிறது.

இம்பெல்லரைக் கையில் பிடித்தபோது ஆழியாறு ஞாபகம் வந்தது. லீவில் வந்தால் அப்பா எங்களைக் கோயில், மலை என்று கூட்டிப்போவார், போகிற வழியில் ஏதாவது அணையோ பவர்ஹவுஸோ நிச்சயம் இருக்கும். வால்பாறை போகும் வழியில் வண்டியை நிறுத்திக் காடம்பாறையைப் பற்றிச் சொன்னார். மலைக்குள் குடைந்த நிலத்தடி மின்நிலையம், 100 மெகாவாட்டில் நான்கு எந்திரங்கள். பகலில் மேலே காடம்பாறை அணையிலிருந்து தண்ணீர் இறங்கி மின்சாரம் தரும். கரண்ட் மிஞ்சுகிற ராத்திரியில் அதே எந்திரம் எதிர்ப்பக்கம் சுற்றி, கீழே மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்தில் இருக்கும் தண்ணீரை மறுபடி மேலே ஏற்றிவிடும். “நம்ம கெணத்து மோட்டாரும் அதுவும் ஒரே சாதி அம்மணி, அது ரெண்டு வேலையும் பாக்குது” என்றார். அம்மா கொண்டுவந்த புளிசாதம் ஆறிப்போகும்வரை பேசினார். தம்பியும் நானும் வாயைத் திறந்துகொண்டு கேட்டோம்.

அடுத்தது பேரிங். கையால் சுற்றினால் கரகரவென்றது, இரண்டையுமே மாற்றினோம். 6306 என்று எண் போட்டிருந்தால் கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கணும், உள்விட்டம் 30 மில்லிமீட்டர். இதை அப்பா எனக்கு எட்டாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தார். புதுப் பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றக் கூடாது. வெளி வளையத்தில் அடி விழுந்தால் உள்ளே இருக்கும் குண்டுகள் ஓடுதடத்தில் பள்ளம் போட்டுவிடும், புதுசே பழசாகிவிடும். எண்ணெயில் சுமார் 100 டிகிரி வரை சூடாக்கினால் வளையம் விரியும், தண்டில் தானாக வழுக்கி இறங்கும், ஆறியதும் இறுகிக்கொள்ளும். பாத்திரத்தின் அடியைத் தொடாமல் கம்பியில் தொங்கவிடணும்.

அதற்காகவே வீட்டில் ஒரு சட்டி இருக்கிறது. நான் கேட்கும் முன்பே அம்மா பரண் மேலிருந்து அதை இறக்கிக் கழுவி வைத்திருந்தார். “உங்கப்பா இருந்தா இந்நேரம் அடுப்பு முன்னால உக்காந்திருப்பாரு” என்றபடி அவரே அடுப்பைப் பற்றவைத்தார். அப்பா வெளிநாட்டில் இருந்த வருஷங்கள் முழுக்க இந்தத் தோட்டத்தையும் எங்களையும் பார்த்துக்கொண்டது அம்மா. மோட்டார் நின்றுபோனால் என்ன சத்தம், என்ன வாசம் வந்தது என்று அம்மா கடிதத்தில் எழுதுவார். அங்கேயிருந்து அப்பா என்ன செய்யணும் என்று பதில் போடுவார். பதில் வர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் அம்மாவே சரி செய்திருப்பார். “நீ பண்ணுனதுதான் சரி” என்று அடுத்த கடிதத்தில் அப்பா எழுதியதை அம்மா இன்றும் வைத்திருக்கிறார். பேரிங் ஹவுசிங்கில் கிரீஸை முழுக்க அடைக்காமல் பாதிக்கும் குறைவாக நிரப்பணும் என்று என் மகனுக்குச் சொன்னதும் அம்மாதான். நிறைய வைத்தால் கிரீஸே கடைபட்டுச் சூடேறும்.

மோட்டார்தான் அதிக நாள் இழுத்தது. உள்ளே இருக்கும் கம்பிச் சுற்றான வைண்டிங் எரியவில்லை, ஆனால் ஈரம் குடித்திருந்தது. காப்பு எதிர்ப்பை அளக்கும் மெக்கர் வைத்துப் பார்த்தால் 0.3 மெகாஓம். 415 வோல்ட் மோட்டாருக்குக் குறைந்தது 1 மெகாஓமாவது வேணும். காயில் கட்டுகிற கடையில் அத்தனையையும் உருவிவிட்டுப் புதிதாகக் கட்டச் சொன்னார்கள். அவசரப்படாமல் முதலில் காயவைத்துப் பார்க்க நினைத்தேன். வைண்டிங் இருக்கும் சுற்றாத பாகமான ஸ்டேட்டரை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து, நடுவில் 100 வாட் குண்டு பல்புகளைத் தொங்கவிட்டு, ஈரம் வெளியேற மேலே சந்து விட்டு மூடினோம். சூடேறத் தொடங்கியதும் மெக்கர் காட்டும் எண் முதலில் இன்னும் கீழே இறங்கும். பயப்பட வேண்டாம், ஈரம் கிளம்புகிறது என்று அர்த்தம். அப்புறம் மெதுவாக ஏறும். எங்களுடையது ஆறிய பிறகும் 15-க்கு மேல் நின்றது. அதன் பிறகுதான் வார்னிஷ் ஊற்றி மறுபடி காயவைத்தோம்.

பெட்டிக்குள் பல்பு எரிந்துகொண்டிருந்த நேரங்களில் மகனுக்குச் சவூதிக் கதையைச் சொன்னேன். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், சவூதியில் 60. அதே மோட்டார் அங்கே 20 சதவீதம் வேகமாகச் சுற்றும். தண்ணீரும் 20 சதவீதம் கூட வரும், தூக்கும் உயரம் 44 சதவீதம் கூடும், ஆனால் இழுக்கும் சக்தி 73 சதவீதம் எகிறிவிடும், ஏனென்றால் அது வேகத்தின் மூன்றாம் படி. நம் ஊர்க் கணக்கில் செய்த பம்பை அங்கே அப்படியே பூட்டினால் மோட்டார் தாங்காது. இம்பெல்லரின் விட்டத்தை லேத்தில் குறைத்துத்தான் ஓட்டணும். அப்பா அங்கே பாலைவன வெயிலில் ஒரு கொட்டகைக்குள் இருந்து அந்தக் கணக்கை ஒவ்வொரு பம்புக்கும் போட்டார். ஜப்பான் அதைவிட ஆச்சரியம்: ஒரே நாட்டில் கிழக்கே டோக்கியோ பக்கம் 50, மேற்கே ஒசாகா பக்கம் 60. அந்தக் கதையைக் கேட்டபோது நான் படித்த ஹெர்ட்ஸ் முதல்முறையாக ஒரு நிஜப் பொருளாகத் தெரிந்தது. இப்போது நான் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். மூன்றாம் படி பாடம் வரும்போது பிள்ளைகளுக்கு இந்த 73 சதவீதத்தைத்தான் உதாரணமாகச் சொல்கிறேன்.

சாம்பியாவில் கொங்கோலா செம்புச் சுரங்கம். உலகத்திலேயே மிக அதிகமாகத் தண்ணீர் ஊறும் சுரங்கங்களில் ஒன்று. ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் உள்ளே மனிதர் நிற்க முடியும். தண்ணீருக்காக வானத்தைப் பார்க்கும் ஊரிலிருந்து போன அப்பாவுக்கு, அத்தனை தண்ணீரை வெளியே தள்ளுவதைப் பார்க்க மனசு ஆறவில்லை. “அதுல ஒரு பங்கு நம்ம குட்டைக்கு வந்தாப் போதும்” என்று ஒவ்வொரு லீவிலும் சொல்வார். அத்திக்கடவுத் தண்ணீர் எங்கள் குட்டையில் விழுந்த அன்று, நடக்கச் சிரமப்பட்ட நிலையிலும் கரை வரைக்கும் வந்து நின்றார். குழாய் விட்டம் எவ்வளவு, எத்தனை அடி ஏற்றம் என்று அங்கே இருந்தவர்களிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். அவரை நான் பார்த்ததிலேயே மிகச் சந்தோஷமான நாட்களில் அது ஒன்று.

உறிஞ்சு பக்கத்துக்கு வருகிறேன். குழாயின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடிக்கும் புட்வால்வின் தோல் கருகி விறைத்திருந்தது, மாற்றினோம். மேடையிலிருந்து தண்ணீர் மட்டம் 14 அடி. பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை, அது உள்ளே காற்றைக் குறைக்கிறது, வெளியே இருக்கும் காற்றுதான் தண்ணீரை மேலே தள்ளுகிறது என்று கார்ட்டூமிலிருந்து வந்த ஒரு கடிதத்தில் அப்பா படம் போட்டு விளக்கியிருந்தார். காற்றால் கடல் மட்டத்தில் தள்ள முடிந்தது ஏறக்குறைய 34 அடி. எங்கள் மேட்டு நிலத்தில் ஓரடி போல இன்னும் குறையும். குழாயில் உராய்வு, மற்ற இழப்புகள் எல்லாம் போக, 20 அடிக்குள் வைத்துக்கொள்வது நல்லது. 14 தாராளம். கோடையில் மட்டம் இறங்கினால் கவனிக்கணும்.

உறிஞ்சு குழாயில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் காற்று புகுந்து பம்ப் தண்ணீர் ஏற்றுவதை விட்டுவிடும். தண்ணீர் வெளியே கசியாது என்பதால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. செட் ஓடும்போது ஒவ்வொரு மூட்டின் பக்கத்திலும் பற்றவைத்த ஊதுபத்தியைக் காட்டினால், காற்று புகும் இடத்தில் புகை உள்ளே இழுபடும். இரண்டாம் புள்ளி ஃபிளாஞ்சில் அப்படி இழுத்தது. ரப்பர் பேக்கிங்கை மாற்றியதும் நின்றது.

தண்டு கேசிங்கிலிருந்து வெளியே வரும் இடத்தை அடைக்கும் கிளாண்ட் கயிற்றை ஒரே சுருளாகச் சுற்றாமல், தண்டைச் சுற்றி அளந்து தனித்தனி வளையமாகச் சாய்வாக வெட்டி, வெட்டுவாய்கள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி மாற்றி மாற்றிப் போட்டோம். கிளாண்ட் நட்டைக் கையால்தான் முடுக்கணும். அதிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுவது குறை இல்லை, அந்தச் சொட்டுதான் தண்டைக் குளிரவைக்கிறது. சொட்டே விழாமல் இறுக்கிவிட்டால் கயிறு கருகித் தண்டில் வரிவரியாக அரித்துவிடும்.

கடைசியில் அலைன்மென்ட். பம்ப் தண்டும் மோட்டார் தண்டும் ஒரே நேர்க்கோட்டில் இல்லாவிட்டால் இரண்டையும் இணைக்கும் கப்ளிங்கின் ரப்பர் சீக்கிரம் பொடியாகும், புதுப் பேரிங்கும் கெடும். ஜப்பானிலிருந்து அப்பா வாங்கி வந்த டயல் கேஜ் இன்னும் துல்லியமாக இருக்கிறது. அதைக் கப்ளிங்கில் மாட்டி மெதுவாகச் சுற்றி, மோட்டார் காலுக்கடியில் பித்தளைத் தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும் 0.05 மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்தோம். மகன் முள்ளைப் பார்த்துச் சொன்னான், அண்ணன் நெம்பினார், நான் தகடு மாற்றினேன். பாதி ராத்திரி ஆகிவிட்டது. எனக்கு அந்த வேலை அவ்வளவு பிடித்திருந்தது.

ஓட்டுவதற்கு முன் கப்ளிங்கைப் பிரித்துவைத்து, மோட்டார் மட்டும் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்தோம். கேசிங்கில் உள்ள அம்புக்கு எதிர்ப்பக்கம் சுற்றியது, இரண்டு பேஸ் ஒயரை மாற்றிப் போட்டதும் சரியானது. கப்ளிங்கைப் பூட்டி, புனல் வழியாகத் தண்ணீர் ஊற்றி, காற்றுக் குமிழி நிற்கும்வரை காத்திருந்து சுவிட்சைப் போட்டோம். கரண்டை அளக்கும் டாங் டெஸ்டரில் 6.8 ஆம்பியர். 5 ஹெச்.பி.க்கு முழு லோடு ஏழரை என்பதால் இது நல்ல கணக்கு. மூன்று பேஸும் சமமாக இருந்தன. தொட்டியில் தண்ணீர் விழுந்தது. அம்மா கையில் பிடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, “மூணு மணி நேரம் ஓடட்டும், பேரிங்கத் தொட்டுப் பாருங்க” என்றார். தொட்டுப் பார்த்தோம், கை தாங்கும் சூடுதான்.

பாக்கி வேலை இருக்கிறது. டெலிவரி குழாயில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் ரிட்டர்ன் வால்வு, மோட்டார் நிற்கும்போது ‘தடால்’ என்று அடிக்கிறது. உள்ளே தட்டின் ஊசி தேய்ந்திருக்கணும். அதைப் பங்குனிக்குள் கழற்றுவோம். கரண்ட் மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேவைப் புதிதாக வாங்கி ஏழரை ஆம்பியருக்குச் செட் பண்ணணும். பழைய வேர் ரிங்கை வீசவில்லை. அளவுக்கு வேணும் என்று பட்டறைக்காரர் கேட்டார், கொடுத்துவிட்டோம். அலைன்மென்ட் பார்த்த அளவுகளை மகன் ஒரு அட்டையில் எழுதி, ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறான்.